உம்மாவின் அறைக்கு இரண்டு கோடு

உம்மா அசையாத ஒரு முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்ததை நான் தற்செயலாகத்தான் கண்டேன்.

இரவு ஒன்பதரை மணி. குவைத்தில் அப்போது ஏழு. தம்பி வேலை முடிந்து வந்து உம்மாவோடு பேசுகின்ற நேரம். 2009இல் அவன் போன நாளிலிருந்து இந்த வழக்கம் மாறியதில்லை. முதலில் வெறும் தொலைபேசி. பிறகு வீடியோ. அன்று உம்மாவுக்கு இரவுக் குளிசை கொடுக்க மறந்துபோய், தண்ணீர்க் கோப்பையோடு அறைக்குள் போனேன். உம்மா கட்டிலில் சாய்ந்தபடி டெப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் தம்பி வாயை அரைவாசி திறந்து, ஒரு கண் மூடியவாறு அப்படியே உறைந்து போயிருந்தான். குரல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"உம்மா, கால் வீக்கம் எப்பிடியெண்டு கேக்கிறன். வத்திட்டா?"

உம்மா அந்த உறைந்த படத்தைப் பார்த்து, "ஓம் மனே, ஓம் மனே. நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்றார்.

உம்மாவுக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததல்ல. பத்துப் பன்னிரண்டு வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கொழும்பில் காட்டி, கருவி வாங்கிக் கொடுத்தோம். அது விசில் அடிக்கிறது என்று கழற்றி லாச்சிக்குள் போட்டவர்தான், பிறகு அதைத் தொடவே இல்லை. அதற்குப் பதிலாக, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, வாயைப் பார்த்துப் பேச்சை விளங்கப் பழகிக்கொண்டார். எதிரே இருந்து முகத்தை நேராகக் காட்டிப் பேசினால் உம்மாவுக்கு எல்லாம் விளங்கும். பிசகுவது சில எழுத்துகளில்தான். பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒருமுறை குசினியில் பல்லி என்று மகள் கத்த, உம்மா மல்லியை எடுத்து நீட்டியது எங்கள் வீட்டில் இன்றைக்கும் பழசாகாத கதை.

ஆக, உம்மாவுக்கு வீடியோ என்பது முகம் பார்க்கும் ஆசைக்கான ஒன்று மட்டுமல்ல. அதுதான் அவருடைய காது. படம் நின்றால் அவருக்குப் பேச்சும் நின்றது.

தம்பி வைத்த பிறகு, முகத்துக்கு நேரே குனிந்து கேட்டேன். "எத்தின நாளா இப்பிடி? ஏன் எங்களுக்கிட்ட செல்லல்ல?"

"அவன் வேலையால களைச்சி வந்து எடுக்கிறான் புள்ள. வெளங்கல்ல வெளங்கல்லயெண்டு நான் செல்லிக்கிட்டிருந்தா, பிறகு எடுக்காம உட்டுருவான்."

எனக்கு எதுவும் பேச வரவில்லை. குளிசையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பேச வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் பிள்ளைகள் இரண்டு பேரும் புது றவுட்டர் வேண்டுமென்று நின்றார்கள். மகனுக்குக் கிரிக்கெட், மகளுக்குப் பாட வீடியோக்களும் கொரியத் தொடர்களும். மேல்மாடியில் சிக்னல் இல்லை, படம் சுற்றிச் சுற்றி நிற்கிறது என்றார்கள். முப்பது வருடம் படிப்பித்த பழக்கம் போகுமா? நூலகத்தில் நின்றுகொண்டே புத்தகம் வாசித்த எங்கள் காலத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து அனுப்பிவிட்டேன். முன் மண்டபத்து டீ.வி.யில் படம் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டுதானே இருந்தது. அதனால் வீட்டில் இணையம் நன்றாகவே இருக்கிறது என்று நான் நம்பினேன். உம்மாவின் அறையை யாரும் நினைக்கவில்லை. "அவன்ட வாய் இப்ப வெளங்குதில்ல புள்ள, மாறிப் போச்சி" என்று அவர் இரண்டொரு தடவை சொன்னதையும் வயதின்மேல் போட்டுவிட்டேன்.

டீ.வி.யில் ஓடுவது ஏன் இதில் ஓடவில்லை என்பதை மகள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். படமோ தொடரோ பார்க்கும்போது, இனி வரப்போகும் பகுதியைக் கருவி முன்கூட்டியே இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நடுவில் இணைப்பு இருபது செக்கன் தூங்கினாலும் சேமிப்பிலிருந்து எடுத்து ஓட்டிவிடும். நேரடிப் பேச்சில் அப்படிச் சேமிக்க எதுவுமில்லை. தம்பி இன்னும் பேசாததை எப்படி முன்கூட்டியே எடுத்து வைப்பது? இணைப்பு தளர்ந்தால் அந்த இடத்திலேயே அடி விழும். அந்த நேரத்தில் இந்தச் செயலிகள் என்ன செய்கின்றன என்றால், படத்தை விட்டுக்கொடுத்துக் குரலைக் காப்பாற்றுகின்றன. ஆட்களுக்குக் குரல்தான் முக்கியம் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. கோடிக்கணக்கானவர்களுக்கு அது சரியான கணக்குத்தான். காது கேளாத ஒரு கிழவி குரலை விட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவர்கள் எப்படி நினைத்திருப்பார்கள்?

அடுத்த நாளே தொடங்கினேன். தொடங்கியது பிழையான இடத்தில்.

முதலில் மாதப் பெக்கேஜைக் கூட்டினேன். கூடிய வேகம், கூடிய கட்டணம். உம்மாவின் அறையில் ஒரு மாற்றமுமில்லை. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வேகம் வேறு, வீட்டுக்குள் அறைக்கு அறை போகும் வேகம் வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. முழு எச்.டி. படம் ஒன்று பார்க்க 5 மெகாபிட் அளவு போதும் என்கிறார்கள். வீடியோப் பேச்சுக்கு அதைவிடக் குறைவு. அந்தளவு எங்கள் பழைய பெக்கேஜிலேயே தாராளமாக இருந்தது. வாசலில் குவிந்து கிடந்ததை உள்ளே கொண்டுபோக வழியில்லை, அவ்வளவுதான்.

பிறகு கடைக்குப் போய் றிப்பீட்டர் என்ற சின்னப் பெட்டியை வாங்கி வந்து உம்மாவின் கட்டிலடியில் பிளக்கில் செருகினேன். டெப்பில் கோடுகள் நிறைந்தன. எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் அன்றிரவும் தம்பி உறைந்தான். அந்தப் பெட்டி தனக்குக் கிடைத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். தனக்கே அரைகுறையாகக் கேட்டதை உரத்துச் சொன்னால், கேட்பவருக்கும் அரைகுறைதான். போதாக்குறைக்கு, ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் கொடுப்பதால் வேகமும் பாதியாகிவிடுகிறது. 6,500 ரூபா போயிற்று.

மூன்றாவது பயணத்தில் கடைக்காரத் தம்பி - என்னிடம் எட்டாம் வகுப்பில் தமிழ் படித்தவன் - "டீச்சர், இதக் கொண்டு போங்க, இனி நீங்க வரத் தேவையில்ல" என்று ஆறு அன்ரெனா வைத்த கறுப்புப் பெட்டியைத் தூக்கி வைத்தான். மல்லாந்து கிடக்கும் சிலந்தி மாதிரி இருந்தது. அட்டையில் 1500 என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பற்றி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அது ஒரு கருவிக்குக் கிடைக்கும் வேகமல்ல. 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் 300, 5 கிகாஹேட்ஸ் பட்டையில் 1200, இரண்டையும் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். அதுவும் தாளில் போட்ட கணக்கு. அட்டையில் வைஃபை 6 என்றும் இருந்தது. உம்மாவின் டெப் பழசு. அது தனக்குத் தெரிந்த பழைய மொழியில்தான் பேசும். பெட்டி புதிதாக இருந்து அதற்கென்ன?

21,000 ரூபாச் சிலந்தியை முன் மண்டபத்தில், தொலைபேசிக் கம்பனி நார்க்கம்பியோடு தந்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். முன் மண்டபம் பறந்தது. மேல்மாடியும் பரவாயில்லை. மகன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே எனக்கு துஆச் செய்தான். உம்மாவின் அறையில் ஒரு கோடு கூடி இரண்டானது. தம்பி மூன்று நிமிடம் அசைந்தான், பிறகு நின்றான்.

இந்த இடத்தில்தான் மகள் கையில் எடுத்தாள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறவள். சதுரக் கோட்டுக் கொப்பியில் வீட்டின் படத்தைக் கீறி, தொலைபேசியில் ஏதோ ஓர் அளவு செயலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அறையிலும் போய் நின்று எண்களை எழுதினாள். எல்லாம் சயம் போட்ட எண்கள். சயம் கூடக் கூடச் சிக்னல் குறைவு. முன் மண்டபத்தில் சய 38. சாப்பாட்டு மேசையடியில் சய 52. நடைபாதை முடிவில் சய 64. வீடியோப் பேச்சு ஒழுங்காக நடக்க சய 67க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பொதுவான கணக்காம். உம்மாவின் கட்டிலில் சய 84.

"இருபது கூடினா என்ன, பெரிய வித்தியாசமா?" என்று கேட்டேன்.

"உம்மா, இது மடக்கைக் கணக்கு. பத்துக் கூடினா பத்தில ஒண்டு. இருபது கூடினா நூறில ஒண்டு. நடைபாதைக்கும் உம்மம்மாட கட்டிலுக்கும் நடுவில ஒரு சுவர்தான் இரிக்கி. அந்த ஒரு சுவர் தொண்ணூத்தொன்பது பங்கத் தின்னுது."

முன் மண்டபத்தோடு ஒப்பிட்டால் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான் உம்மாவிடம் வந்து சேர்கிறது என்றும் கணக்குப் போட்டுக் காட்டினாள். பெட்டி எவ்வளவு உரத்துக் கத்தினாலும், பதில் சொல்ல வேண்டியது அந்த டெப். அது மெல்லிய குரல்காரி. அவள் முணுமுணுப்பது சுவரைத் தாண்டி முன் மண்டபம் வரை வர வேண்டும். ஆறு அன்ரெனா அல்ல, அறுபது வைத்தாலும் டெப்பின் குரல் கூடாது. காது கேளாதவர்களோடு வாழ்கிற எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டிய விசயம்.

"உம்மம்மாட அறைக்குள்ள எந்த அலையும் போகாது" என்று மகன் சொன்னான். பகிடியாகத்தான் சொன்னான். அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தச் சுவரை வாப்பா கட்டியது அதற்காகத்தான்.

2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் வீட்டின் கிழக்குப் பக்கம் முழுவதும் போனது. உம்மா குசினியில் இருந்தவர், சத்தம் கேட்டு - அப்போது அவருக்குக் காது நன்றாகக் கேட்டது - என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஏறியதால் நாங்கள் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் அப்படி ஏறவில்லை. 2006இல் திரும்பக் கட்டும்போது வாப்பா மேசன்மாரோடு சண்டை பிடித்தார். கடல்பக்கத்து அறைக்குக் கல் வேண்டாம், கம்பி கட்டிக் கொங்கிறீட் போடு என்றார். நான்கு பக்கமும் ஒன்பது அங்குலம். மேலே பிளேட். மேசன்மார் ஒரு கம்பி கட்டிய இடத்தில், அவர்கள் பகலுணவுக்குப் போன நேரம் பார்த்து, வாப்பா தன் கையால் இன்னொன்று கட்டினார். "இனிக் கடல் வந்தா உங்கட உம்மா ஓடத் தேவையில்ல" என்பார். வாசலையும் குசினிப் பக்கமாகவே வைத்தார். நடைபாதைப் பக்கம் ஒரு யன்னல்கூட இல்லை. 2013இல் அவர் மௌத்தாகும்வரை அந்த அறையில் ஒரு வெடிப்பு விழவில்லை. இன்றுவரையும் இல்லை.

கம்பி வலை போட்ட கொங்கிறீட், இந்த அலைகளுக்கு அநேகமாக மூடிய கதவு மாதிரி. போதாததற்கு, அறைக்குள் அந்தச் சுவரோடு சேர்த்து உம்மாவின் சீதன அலுமாரி நிற்கிறது. அதில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். வருவதில் மிஞ்சியதையும் அது திருப்பி அனுப்புகிறது.

வழி ஒன்றுதான் என்றாள் மகள். காற்றில் அனுப்ப முடியாததை வயரில் அனுப்ப வேண்டும். முன் மண்டபத்துக் கம்பனிப் பெட்டி அங்கேயே இருக்கட்டும், நார்க்கம்பி அதில்தான் முடிகிறது. அதிலிருந்து லேன் வயர் ஒன்றை இழுத்து, சுவரைத் துளைத்து, சிலந்தியை உம்மாவின் அறைக்குள்ளேயே குடிவைப்பது. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கருவிகளுக்கு இலக்கம் கொடுக்கும் வேலையைக் கம்பனிப் பெட்டியிடமே விட்டு, சிலந்தி வெறும் ஒலிபெருக்கியாக இருக்கும். அறைக்குள் பிறக்கும் அலைக்குச் சுவர் தடையல்ல. 18 மீற்றர் வயர், கவர், ஆணி, வயர்மேனின் கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. "முதல்லயே இதச் செஞ்சிருந்தா" என்று அவர் தொடங்கியபோது நான் குசினிக்குப் போய்விட்டேன்.

வயர்மேன் துளைக்கத் தொடங்கினார். முதல் இடத்தில் நான்கு அங்குலம் போனதும் கம்பியில் முட்டித் தீப்பொறி பறந்தது. ஒரு சாண் தள்ளிப் போட்டார். அங்கேயும் கம்பி. "யாரு கட்டின சுவர் இது, பங்கர் மாதிரி?" என்று வியர்வையைத் துடைத்தார். அறைக்குள் உம்மா கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்காத அவருக்கு அது அப்படித்தான் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"எங்க துளைக்கிறாரு?"

காட்டினேன்.

"அங்கயெல்லாம் கம்பி. கீழ, இந்த மூலையில பாக்கச் செல்லு. தண்ணிப் பைப்புக்கெண்டு வாப்பா ஒரு ஓட்டை உட்டுக் கட்டினவரு. பிறகு பைப்பு வேணாமெண்டு சும்மா சாந்தால அடைச்ச."

அலுமாரியை நகர்த்தி, உம்மா காட்டிய இடத்தில் வைத்ததும் துளைக்கருவி மாவுக்குள் போவதுபோலப் போயிற்று. பதினெட்டு வருடமாக அந்த அடைப்பு அங்கே இருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

சிலந்தியைச் சுவர்த்தட்டில், கண்ணாடிக்கு மறையாமல் வைத்தோம். அன்ரெனாக்களை நேராக நிமிர்த்தி வைக்க வேண்டும், உழுந்து வடை மாதிரி பக்கவாட்டில்தான் சிக்னல் பரவும், தலைக்கு நேர்மேலே வடையின் துளை என்று மகள் ஒரு விளக்கம் சொன்னாள். கட்டிலில் அளந்தாள். சய 41. 2022இன் மின்வெட்டு நாட்களில் வாங்கிப் பரணில் போட்டிருந்த சின்ன பெற்றரிப் பெட்டியையும் தேடியெடுத்துப் பொருத்திவிட்டான் மகன். முன் மண்டபத்துப் பெட்டிக்கும் ஒன்று தேவை, இரண்டும் உயிரோடு இருந்தால்தான் கரண்ட் போனாலும் பேச்சு ஓடும். அது இன்னும் வாங்கவில்லை.

ஒன்பதரைக்குத் தம்பி எடுத்தான். நாங்கள் எல்லாரும் உம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்றோம். படம் விழுந்த விதத்தைப் பார்த்து எனக்கே மூச்சு நின்றது. அவன் எங்கள் முன்னால் இருந்தான். தாடியில் நரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எனக்கு இளையவன், என்னைவிட நரைத்திருந்தான்.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. டெப்பை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் அவன் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வாயத் தொற" என்றார்.

"என்ன உம்மா?"

"வாயத் தொறடா மனே."

அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

"எப்ப உழுந்த?"

"அது... ரெண்டு வருசமிரிக்கும் உம்மா. சும்மா வேலத்தலத்தில சறுக்கி..."

"அதான் உன்ட வாய் மாறிக் கெடந்திச்சி" என்றார் உம்மா. என் பக்கம் திரும்பி, "நான் செல்லல்லயா?" என்று கேட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதோடு விடவில்லை. அவனுக்குப் பின்னால் இரண்டு தட்டுக் கட்டில்கள் தெரிந்தன. அவற்றின் விளிம்புகளில் காயப்போட்ட சேர்ட்டுகள். உம்மா ஒரு விரலால் திரையில் தொட்டுத் தொட்டு எண்ணினார். "உன்ட அறையில ரெண்டு பேரெண்டுதானே செல்லின?" தம்பி டெலிபோனைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தான். இப்போது வெறும் சுவர் மட்டும் தெரிந்தது. உம்மா அவனைத் திட்டவில்லை. ஓட்டுநர் வேலை எப்போது போனது, இப்போது என்ன வேலை, எவ்வளவு சம்பளம், யாருக்கும் கடனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஐம்பது நிமிடம். ஒரு தடவையும் படம் நிற்கவில்லை. பல்லில்லாத வாயையும் உம்மா நிமிடக்கணக்கில் வாசிக்கப் பழகிவிட்டார். விளங்காததைத் திரும்பச் சொல்லச் சொன்னார். முன்பெல்லாம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

உம்மா தூங்கியதும் தம்பி எனக்குத் தனியாக எடுத்தான்.

"ராத்தா, ஒரு மாசத்துக்கு அந்தப் புதுப் பெட்டிய நிப்பாட்டி வைங்களன். பல்லுக் கட்டினதுக்குப் பிறகு போடுவம். உம்மா இப்பிடிப் பாத்தா என்னால ஏலாது."

"உம்மாக்கிட்ட நீயே கேளு தம்பி" என்றேன்.

அடுத்த நாள் ஒன்பது மணிக்கே உம்மா மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, டெப்பை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.